அம்மா சாம்பல் என்று சொன்ன பூ

(நூற்றாண்டு விழாவை முன்னிட்டுக் கல்லூரி மண்டபத்தில் நடைபெற்ற மாணவிகளின் ஒளிப்படக் கண்காட்சித் தொடக்க நிகழ்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் தொலைபேசியில் அழைத்து, "டொக்டர், நூற்றாண்டுக்கு நீங்கள் ஒரு பேச்சுப் பேச வேணும்" என்றபோது, நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ கேட்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அந்தப் பேச்சுகள் என்னிடம் ஆயத்தமாகவே இருக்கின்றன. ஆனால் அவர், "இல்லை, பூப்படம் எடுக்கிறதைப் பற்றிச் சொல்லுங்கோ, பிள்ளையள் கண்காட்சி வைக்கினம்" என்றார். மகிழ்ச்சியாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. நான் ஒளிப்படக் கலையைப் படித்தவள் அல்ல. வைத்தியசாலையில் வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் வேலியோரம் நின்று படம் எடுப்பவள், அவ்வளவுதான். றோட்டில் போகும் என் நோயாளிகள் சைக்கிளை நிறுத்தி, "டொக்டர், என்ன தேடுறியள்?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

நூறு வருடம் நிறைந்ததும் நாம் வெளியிடும் புத்தகத்துக்கு "மலர்" என்றுதான் பெயர் வைக்கிறோம். ஆகவே மலரைப் பற்றிப் பேசுவது பொருத்தம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு வந்திருக்கிறேன்.

முதலில், இந்தப் பழக்கம் எனக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அதில் ஒரு சந்தோசமும் இருக்கிறது, ஒரு குற்ற உணர்வும் இருக்கிறது.

பத்து ஆண்டுகளுக்கு முன்னர், நிபுணத்துவப் பயிற்சிக்காக ஒரு வருடம் இங்கிலாந்தில் வேலை செய்தேன். போய் இறங்கியது குளிர்காலம். காலையில் வேலைக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. மரங்கள் எல்லாம் விறகாய் நிற்கும். வசந்தம் என்ற சொல்லைச் சிறுவயதிலிருந்தே பாட்டிலும் பாடத்திலும் கேட்டிருக்கிறோம். ஆனால் வருடம் முழுவதும் ஏதாவது ஒன்று பூத்துக்கொண்டே இருக்கும் மண்ணில் பிறந்த நமக்கு அதன் பொருள் உண்மையில் தெரியாது. நமக்குத் தெரிந்த வசந்தம் ஏப்ரலில் நுவரெலியாவுக்குப் போய், விக்ரோறியாப் பூங்காவிலும் ஹக்கலைத் தாவரவியல் பூங்காவிலும் நின்று குடும்பமாய்ப் படம் எடுத்துக்கொள்வதுதான். அங்கே எனக்கு வசந்தத்தின் பொருள் புரிந்தது. தை மாதக் கடைசியில் பனிக்குள்ளிருந்து வெள்ளையாய்த் தலைகுனிந்து வரும் சினோட்றொப், பிறகு குறோக்கசு, பங்குனியில் றோட்டோரம் எல்லாம் மஞ்சளாய் டஃபடில். சித்திரைக் கடைசியில், மரங்களில் இலை அடர்ந்து நிழல் விழுமுன்னரே, காட்டுத் தரை முழுவதும் நீலமாய் விரியும் புளூபெல். நீல மணிப்பூ என்று நாம் சொல்லலாம்.

கியூ தாவரவியல் பூங்காவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதன்முதலாக அதைப் பார்த்தேன். தரையில் நீலப் புகை படிந்திருப்பது போல இருந்தது. கையில் இருந்தது சாதாரணக் கைத்தொலைபேசி. எடுத்த படங்களை அன்று இரவே வைபரில் அம்மாவுக்கு அனுப்பினேன்.

என் அம்மாவும் இக்கல்லூரியின் பழைய மாணவிதான். அறுபதுகளில் இங்கே படித்தவர். இப்போது முதல் வரிசையில் இருக்கிறார். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று கவனமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நிறங்களில் அவர் பொல்லாதவர். சட்டைத் துணியைக் கொண்டுபோகாமலே கடைக்குப் போய், நினைவில் வைத்தே பொருத்தமான நூல் வாங்கி வருவார். வீட்டுக்கு வந்து பொருத்திப் பார்த்தால் ஒரு இழைகூட மாறியிருக்காது.

சினோட்றொப் படத்துக்கு, "நந்தியாவட்டை மாதிரி இருக்கு" என்றார். டஃபடிலுக்கு, "எங்கடை கொன்றை நிறம்" என்றார். புளூபெல் படத்துக்கு அவர் சொன்னது இதுதான்: "என்ன பிள்ளை, சாம்பல் நிறமாய் இருக்கு. வாடின பூவை ஏன் எடுத்தனி?"

படத்தில்தான் பிழை என்று நினைத்தேன். புளூபெல்லின் நிறம் கமெராவுக்குச் சரியாக அகப்படுவதில்லை, சிலவேளை ஊதாவாகவும் இளஞ்சிவப்பாகவும் மாறிவிடும் என்று அங்கே படம் எடுப்பவர்கள் சொல்வார்கள். ஆகவே அடுத்த வாரம் மீண்டும் போனேன். மெல்லிய முகில் மூடிய காலை நேரம் பார்த்து எடுத்தேன். நீலத்தைச் சற்றுக் கூட்டியும் அனுப்பினேன். "இப்பவும் அப்பிடித்தான் இருக்கு, ஆனால் வடிவு" என்றார். அம்மாவின் கைத்தொலைபேசித் திரை பழுது என்று முடிவுகட்டினேன். இப்படியே மூன்று வாரம் போயிற்று. நான் என் கமெராவைக் குறை சொன்னேன், வெளிச்சத்தைக் குறை சொன்னேன், தொலைபேசியைக் குறை சொன்னேன். கண்ணைப் பற்றி ஒரு வைத்தியர் நினைக்கவே இல்லை!

நாலாவது ஞாயிறு, ஏதோ பேச்சில், "வேலியிலை நிக்கிற சங்குப்பூ இப்ப எப்பிடிப் பூக்குது அம்மா?" என்று கேட்டேன். "பூக்குது, ஆனால் கறுப்பாய்த்தான் பூக்குது. மண் சரியில்லைப் போல" என்றார். எனக்கு நெஞ்சு ஒருமுறை அடித்து நின்றது போல இருந்தது. நீலச் சங்குப்பூ கறுப்பாய்ப் பூப்பதில்லை, தங்கைகளே.

இதில் உள்ள விஞ்ஞானம் எளிது. நம் கண்ணின் வில்லை பிறக்கும்போது பளிங்கு போலத் தெளிவாக இருக்கும். வயது ஏற ஏற அது மஞ்சளாகி, பிறகு பழுப்பாகும். மஞ்சள் கண்ணாடி நீலத்தை விழுங்கிவிடும். எனவே கண்புரை வளரும்போது நீலமும் ஊதாவும் மங்கிச் சாம்பலாகவும் கறுப்பாகவும் தெரியும். மஞ்சளும் சிவப்பும் கடைசிவரை ஓரளவு நிற்கும். மாற்றம் மெல்ல மெல்ல வருவதால் அந்த ஆளுக்கே தெரியாது. பூ மாறிவிட்டது என்றுதான் நினைப்பார். பிரெஞ்சு ஓவியர் குளோட் மொனேக்கு 1912 இல் கண்புரை கண்டறியப்பட்டது. தன் தோட்டத்து அல்லிக் குளத்தை அந்தக் கண்களாலேயே வரைந்துகொண்டிருந்த அவர், 1923 இல்தான் சத்திரசிகிச்சைக்கு உடன்பட்டார். இந்தக் கதையை மாணவர்களுக்கு நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். என் வீட்டில் நடந்தபோது அடையாளம் காணவில்லை.

பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்டு அம்மாவைக் கண் கிளினிக்குக் கூட்டிப்போகச் செய்தேன். இரண்டு கண்களிலும் முற்றிய கண்புரை. இடது கண்ணில் கையசைவுக்கு மேல் அதிகம் தெரியவில்லை என்றார்கள். அதற்கு முந்திய வருடம் அம்மா கிணற்றடிப் படியில் விழுந்து மணிக்கட்டை முறித்திருந்தார். "வழுக்கிப் போட்டுது" என்றார். நானே பக்கத்தில் நின்று மா கட்டுப் போடுவித்தேன். ஏன் விழுந்தீர்கள், படி தெரியவில்லையா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் விடுதியில் ஒரு முதியவர் விழுந்து வந்தால் நான் கேட்கும் முதலாவது கேள்வி அது.

"ஏனம்மா சொல்லேல்லை?" என்று அழுதேன். "சொன்னால் நீ வெளிநாடு போயிருக்க மாட்டாய்" என்றார். அவ்வளவுதான்.

பயிற்சி முடிந்து நான் வந்த பிறகு சத்திரசிகிச்சை நடந்தது. மங்கிய வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைப்பார்கள். கண்ணை மட்டும் விறைக்கச் செய்து, பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். மறுநாள் காலை கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்து முற்றத்தில் நின்றோம். நந்தியாவட்டையைப் பார்த்து, "இவ்வளவு வெள்ளையோ!" என்றார். சங்குப்பூவைக் கையில் ஏந்திக் கனநேரம் பேசாமல் நின்றார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வசனம்: "என்ன பிள்ளை, உனக்கு இவ்வளவு நரை எப்ப வந்தது?"

அன்றிலிருந்து படம் எடுப்பது எனக்குப் பொழுதுபோக்கு மட்டும் அல்ல. இனி, நான் விழுந்து எழும்பிக் கற்றவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன். விலை கூடிய கமெரா எதுவும் தேவையில்லை. அம்மாவின் கைத்தொலைபேசியே போதும்.

முதலாவது வெளிச்சம். நம் ஊர் நண்பகல் வெயில் பூவுக்குப் பகை. வெளிச்சம் விழும் இதழ் வெளிறிப்போகும், நிழல் கரியாகிவிடும். காலை 6 மணியிலிருந்து 8 மணிவரை, பின்னேரம் 5 மணிக்குப் பிறகு, அல்லது முகில் மூடிய நேரம், இவைதான் நல்ல வேளைகள். வேறு வழியில்லை, மதியம்தான் எடுக்க வேண்டும் என்றால், தோழி ஒருத்தியை வெள்ளைத் துணியோ குடையோ பிடிக்கச் சொல்லுங்கள். அந்த மென்னிழலில் நிறம் அப்படியே நிற்கும்.

இரண்டாவது வெள்ளைப் பூ. கமெரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் அளவுக்கு வெளிச்சத்தைக் கொண்டுவரப் பார்க்கும். படம் நிறைய வெள்ளைப் பூவாக இருந்தால் அது சாம்பலாய் விழும்; அப்போது வெளிச்சத்தைச் சற்றுக் கூட்ட வேண்டும். கரும்பச்சை இலைகளுக்கு நடுவே சின்னதாய் ஒரு மல்லிகை என்றால் மாறாக நடக்கும். மல்லிகை வெளிறி இதழ் மடிப்பே தெரியாமல் போகும். அப்போது குறைக்க வேண்டும். திரையில் பூவின்மேல் விரலால் தொட்டுவிட்டு மேலே கீழே இழுத்தால் கூடும், குறையும். அநேகமான கைத்தொலைபேசிகளில் இந்த வசதி உண்டு.

மூன்றாவது சிவப்பு. செவ்வரத்தையை எடுத்தால் இதழின் நரம்புகள் மறைந்து, சிவப்பு மையைக் கொட்டியது போல வரும். கமெராவின் உணரி சிவப்பு, பச்சை, நீலம் என மூன்றாய்த்தான் நிறத்தைப் பிரித்து வாங்குகிறது. சிவப்புப் பூவில் சிவப்புப் பங்கு முதலில் நிரம்பி வழிந்துவிடுகிறது. வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தால் நரம்புகள் திரும்பி வரும்.

நான்காவது பின்னணி. பூவைப் பார்க்குமுன் பூவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தண்ணீர்த் தாங்கியும் உடுப்புக் கொடியும் படத்தைக் கெடுத்துவிடும். ஒரு அடி இடம்மாறி நின்றாலே போதும், பின்னால் நிழல் விழுந்த வேலியோ வானமோ வந்துவிடும். கொன்றையை நீல வானத்தில் வையுங்கள். மஞ்சளும் நீலமும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். முழங்காலில் இருந்து பூவின் மட்டத்துக்கு வாருங்கள். சீருடை அழுக்காகும், அம்மாமார் மன்னிக்க வேண்டும்.

ஐந்தாவது காற்று. வைகாசிக்குப் பிறகு சோளகம் வீசத் தொடங்கினால் பூ ஒரு இடத்தில் நிற்காது. விடியப்புறம்தான் காற்று சற்று அடங்கியிருக்கும். கமெராவில் வேகத்தை மாற்றும் வசதி இருந்தால் விநாடியில் 250 இல் ஒரு பங்கோ அதைவிட வேகமாகவோ வையுங்கள். இல்லாவிட்டால் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருங்கள். காற்றும் இடையில் ஒரு கணம் ஓயும்.

பூவோடு நின்றுவிடவும் வேண்டாம். வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயப் பாத்திகள் பச்சையாய் நிற்பதைக் காலை வெயிலில் பாருங்கள். எந்த வெளிநாட்டு நாள்காட்டிப் படத்துக்கும் குறைந்ததல்ல. மாசி மாதம் இலை உதிர்த்து நிற்கும் முள்முருக்கில் சிவப்புப் பூவும், அதில் தேன் குடிக்க வரும் குருவிகளும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் சிவப்பும் வெள்ளையுமான மதிலுக்கு முன்னால் நகரும் சேலைகள். நிறம் கூடிய காட்சியில் எல்லாவற்றையும் ஒரே படத்துக்குள் அடைக்காமல், ஒரு நிறத்தைத் தலைவியாக்கி மற்றவற்றைத் தோழியாக்கினால் படம் அமைதியாக வரும்.

தங்கைகளுக்கு ஒரு வீட்டுவேலையும் தருகிறேன். பூவரசம் பூ ஒன்றைக் காலையில் எடுங்கள், அது இளமஞ்சளாய் இருக்கும். அதே பூவை மாலையில் எடுங்கள், சிவந்துகொண்டிருக்கும். மறுநாள் ஊதாச் சிவப்பாய் வாடியிருக்கும். மூன்று படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் வேலியில் தினமும் நடக்கும் இந்த அதிசயத்தை நான் முப்பத்தெட்டு வயதில்தான் கவனித்தேன்.

வைத்தியராக மூன்று வார்த்தை. அலரியின் எல்லாப் பாகமும் நஞ்சு. மஞ்சள் அலரியின் கொட்டை இதயத்தையே தாக்கும். கார்த்திகைப் பூவின் கிழங்கும் கொடிய நஞ்சு. படம் எடுங்கள், வாயில் வைக்காதீர்கள், கையைக் கழுவுங்கள். அடுத்தது, நந்தியாவட்டை கண்ணுக்கு நல்லது என்று அதன் சாற்றைக் கண்ணில் விடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். கிருமி புகுந்து கருவிழி புண்ணாகிப் பார்வையே போகலாம். பூவைப் பார்ப்பதுதான் கண்ணுக்கு நல்லது. மூன்றாவது, பூவுக்காகச் செடியை மிதிக்காதீர்கள். இங்கிலாந்தில் புளூபெல் காட்டில் பாதையை விட்டு இறங்கக் கூடாது என்று எழுதிவைத்திருப்பார்கள். இலை நசிந்தால் அந்தக் கிழங்குக்கு உணவு இல்லை. அந்தக் கூட்டம் மீள ஆண்டுகள் எடுக்கும். காட்டிலுள்ள அந்தக் கிழங்குகளைத் தோண்டி விற்பதற்கு 1981 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்த் தடையும் உண்டு.

கடைசியாக ஒன்று. படத்தோடு திகதி, இடம், பூவின் பெயர் மூன்றையும் எழுதிவையுங்கள். இதை நான் ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், நம் காலத்துப் படங்கள் நம்மிடம் இல்லை. நான் உயர்தரம் படித்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். பிலிம் கிடைத்தாலும் விலை கேட்க முடியாது. இருந்த ஒன்றிரண்டு அல்பங்களையும் 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு விட்டுவிட்டுத்தான் மழையில் தென்மராட்சிப் பக்கம் நடந்தோம். திரும்பி வந்தபோது வீட்டில் அல்பமும் இல்லை, பள்ளி முற்றத்தில் நின்ற பெரிய கொன்றையும் இல்லை.

இந்தப் பேச்சுக்காக அந்தக் கொன்றையின் படம் ஒன்று தேடினேன். கனடாவிலும் இலண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கும் வகுப்புத் தோழிகளிடம் கேட்டேன். ஒருத்தியிடம் மாத்திரம் ஒரு வகுப்புப் படம் இருந்தது. கறுப்பு வெள்ளை. நாங்கள் முப்பது பேரும் நிமிர்ந்து நிற்கிறோம். ஓரத்தில் அரைச்சாண் அகலத்துக்கு ஒரு மரத்தின் அடி தெரிகிறது. அதுதான் கொன்றை. பூ இல்லை, மஞ்சள் இல்லை. சித்திரையில் நாங்கள் அதன்கீழ் இருந்து சாப்பிடும்போது சோற்றுப் பெட்டிக்குள் விழுந்த இதழ்கள் இப்போது எங்கள் முப்பது பேரின் நினைவில் மாத்திரம் இருக்கின்றன. அந்த முப்பது பேரில் நால்வர் இன்று இல்லை.

அம்மாவிடம் கேட்டேன், அவர் காலத்தில் அந்த மரம் எவ்வளவு உயரம் என்று. "நாங்கள் நட்டதைப் பாத்தனாங்கள். என்ரை தோள் உயரம்" என்றார். அது எனக்குத் தெரியாது. கேட்டிருக்காவிட்டால் இனி ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

ஆகவே ஒரு வேண்டுகோள். இக்கண்காட்சியில் உள்ள 62 படங்களையும் பார்த்தேன். கோயில் வாசலில் பூக்காரி, பருத்தித்துறைக் கடற்கரையில் வள்ளங்கள், மழைக்குப் பின் தாமரைக் குளம் என்று எல்லாம் வடிவு. ஆனால் நம் கல்லூரி முற்றத்து மரம் எதுவும் அதில் இல்லை. எப்போதும் நிற்கும் என்று நினைக்கிறோம், அதனால் எடுப்பதில்லை. நூற்றாண்டு வருடத்தில் ஒவ்வொரு மாதமும் ஒரு நாள், வளவில் உள்ள ஒவ்வொரு மரத்தையும் பூவோடும் இலையோடும் வெறுங்கொப்போடும் எடுத்து, திகதியும் பெயரும் எழுதி நூலகத்தில் வையுங்கள். அச்செடுத்தும் வையுங்கள், தொலைபேசி மாற்றும்போது படங்கள் தொலைந்துபோகும். அதற்கான அல்பங்களை எங்கள் வகுப்புத் தோழிகள் வாங்கித் தருகிறோம். பழைய கொன்றை நின்ற இடத்தில் புதிய கன்று ஒன்று நடுவதற்கும் அதிபர் அவர்கள் அனுமதி தந்திருக்கிறார். இன்று இந்நிகழ்வு முடிந்ததும் நடுகிறோம். எடுக்க வேண்டிய முதலாவது படம் அதுதான்.

இன்னும் ஒன்று. இன்று வீட்டுக்குப் போனதும், நீங்கள் எடுத்த பூப்படங்களை அம்மம்மாவுக்கும் அப்பப்பாவுக்கும் காட்டுங்கள். "வடிவாயிருக்கா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் வடிவு என்றுதான் சொல்வார்கள். "இது என்ன நிறம்?" என்று கேளுங்கள். அவர்கள் நீலத்தைச் சாம்பல் என்று சொன்னால், தொலைபேசியைக் குறை சொல்லாமல், கண் கிளினிக்குக் கூட்டிப்போங்கள். நீரிழிவு உள்ளவர் என்றால் சொல்லாவிட்டாலும் வருடம் ஒருமுறை கூட்டிப்போங்கள். நான் மூன்று வாரம் பிந்தினேன் என்று சொன்னேன். உண்மையில் நான் இரண்டு வருடம் பிந்தினேன்.

தன் கதையை மேடையில் சொல்ல, "சரி, சொல்லித் துலை" என்று அனுமதி தந்த என் அம்மாவுக்கு நன்றி.